பாவு போடலாமா, பாஸ்கரா?

ஐயம்பேட்டைக்காரர் வானத்தைப் பார்த்துக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். எல் நினோ வருமா, கடல் மட்டம் ஏறுமா என்பதெல்லாம் அப்புறம். நாளைக் காலையில் தெருவில் பாவு போடலாமா, கூடாதா?

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கிற இந்தப் பட்டுத்தறி ஊரில், விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பதமாகக் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாலு தூறல் விழுந்தால் போதும், வீட்டுக்கு வீடு ஆள் ஓடிவந்து பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மழை வலுத்துவிட்டால் அடுத்த கூத்து. குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஊறும். மிதிக்கட்டையை மிதிக்க வேண்டிய காலுக்குத் தவளை துணையிருக்கும்.

இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தேடி மனிதகுலம் ஆயிரத்தைந்நூறு வருஷம் மெனக்கெட்டிருக்கிறது. கடைசியில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணையே கொண்டுபோய் வைத்துவிட்டது. பதில் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அல்ல.

மேகம் முழுகாமல் இருந்த கதை

முதலில் வந்தவர் வராகமிகிரர். ஆறாம் நூற்றாண்டு. மேகம் கர்ப்பம் தரிக்கும், தரித்ததிலிருந்து 195 நாளில் பிரசவம், அதுதான் மழை என்று பிருஹத் சம்ஹிதையில் எழுதிவைத்தார். நாமும் அதை விடவில்லை. மார்கழி பிறந்தால் இன்றும் கர்ப்போட்டம் பார்க்கிறோம். போதாததற்குப் பஞ்சாங்கம் வேறு, வருஷத்துக்கு இத்தனை மரக்கால் மழை என்று முன்கூட்டியே அச்சடித்து விற்கிறது. சொன்ன மரக்கால் பெய்யவில்லை என்று கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்டவர் யாரும் இல்லை. இந்தச் சலுகை பின்னால் வந்த எந்த வானிலை அதிகாரிக்கும் கிடைக்கவில்லை.

அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். நோக்கம் மழையல்ல, நட்சத்திரம். கப்பல் ஓட்டவும் நாட்டை அளக்கவும் அது தேவைப்பட்டது. 1796 வாக்கில் ஜான் கோல்டிங்காம் போகிறபோக்கில் வெயிலையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைக்கத் தொடங்கினார். பெரிய கருங்கல் தூண் ஒன்றை நட்டு, தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் பொறித்தும் வைத்தார்கள். அந்தத் தூண் இன்றைக்கும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. இரண்டு நூற்றாண்டாக எல்லா வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்திருக்கிறது. ஒரு தடவைகூட முன்னறிவிப்பு சொன்னதில்லை. அந்த வளாகத்திலேயே யாரிடமும் திட்டு வாங்காதது அது ஒன்றுதான்.

1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. பொறுப்பேற்றவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். நாற்காலி சூடேறுவதற்குள் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோனது. மழை ஏன் வரவில்லை என்று துரைமார் கேட்டார்கள். பிளான்ஃபோர்ட் வடக்கே கைகாட்டினார். இமயமலையில் பனி கூடுதலாக விழுந்த வருஷம் இந்தியாவில் மழை குறையும் என்று 1884-ல் எழுதினார். சரி, மலை உச்சிப் பனியை அளப்பது யார்? யாரும் அளக்கவில்லை. மலைப் பக்கத்து அதிகாரிகள் அண்ணாந்து பார்த்துச் சொன்ன தகவல்தான். அந்த அண்ணாந்த பார்வையை வைத்து 1886-ல் நாட்டின் முதல் பருவமழை முன்னறிவிப்பே வெளிவந்தது. 1976-ல் டக்ளஸ் ஹான், ஜகதீஷ் சுக்லா என்ற இருவர், செயற்கைக்கோள் படங்களில் ஐரோப்பா, ஆசியாவின் பனிப்பரப்பை ஒழுங்காக அளந்துபார்த்து, பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்றார்கள். பெரியவருக்குச் சான்றிதழ் கிடைக்கத் தொண்ணூறு வருஷம் ஆனது.

பிறகு வந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904-ல் துறைத் தலைவரானார். கேம்பிரிட்ஜ் கணக்குப் புலி. வானிலை படித்தவர் அல்ல. பூமராங் வீசுவதில் மன்னர். கல்லூரியில் பட்டப்பெயரே பூமராங் வாக்கர். உலகத்து வானிலை எண்களையெல்லாம் வரவழைத்தார். இந்தியக் குமாஸ்தாக்களை வரிசையாக உட்காரவைத்து, எந்த ஊர்க் காற்றழுத்தம் எந்த ஊர் மழையோடு ஒட்டுகிறது என்று வருஷக்கணக்கில் கூட்டிக் கழிக்கவைத்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டம் அகப்பட்டது. எல் நினோ என்று இன்று டீக்கடையில் பேசுகிறோமே, அதன் மறுபாதி இதுதான். ஆனால் அவர் தேடியது நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் வித்தை. அது வசப்படவில்லை. மற்ற ஊர் வானிலையை வைத்து இந்தியப் பருவமழையைக் கணிப்பதைவிட, பருவமழையை வைத்து மற்ற ஊர் வானிலையைக் கணிக்கத்தான் இது அதிகம் உதவுகிறது என்று பின்னால் வந்த சார்லஸ் நார்மண்ட் 1953-ல் எழுதினார். வீசிய பூமராங் வெளியூருக்குப் போய்விட்டது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி ஏறிய கண்

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சலித்த பிறகு, மேலே போய்க் குனிந்து பார்க்கலாம் என்று தோன்றியது. 1959 பிப்ரவரியில் மேகத்தை அளக்க அமெரிக்கர்கள் வான்கார்ட்-2 என்று ஒன்றை ஏவினார்கள். அது தள்ளாடிக்கொண்டே சுழன்றதால் அனுப்பிய தகவல் எதற்கும் உதவவில்லை. இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எப்போது இறங்கும் என்று யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து டைரோஸ்-1. ஏவிய நாள் 1960 ஏப்ரல் 1. நல்ல நாள் பார்க்கும் பழக்கம் அங்கே இல்லை போலும். 120 கிலோ சொச்சம் எடை, உள்ளே இரண்டு டெலிவிஷன் கேமரா. கேமரா இரண்டும் அடிப்பலகையில். கோளோ தன் அச்சில் சுழன்றபடி வானத்தில் ஒரே திசையையே நோக்கி நின்றது. ஆகவே பூமியைச் சுற்றும்போது ஒரு பாதியில் பூமியைப் பார்க்கும்; மறுபாதியில் இருட்டைப் பார்க்கும். 78 நாளில் ஆள் அவுட். ஆனாலும் அதற்குள் ஏறக்குறைய 23,000 படம். மேகம் என்பது தலைக்குமேல் இஷ்டப்படி திரிகிற பஞ்சு அல்ல, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுருள் சுருளாக அணிவகுத்து வருகிற கூட்டம் என்பதை மனிதன் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

1963 கடைசியில் போன டைரோஸ்-8, கீழே எளிய கருவி வைத்திருக்கிற யாரும் படத்தைப் பிடித்துக்கொள்ளும்படி நேரடியாகவே அனுப்பியது. அமெரிக்கா செலவில் நமக்குக் கண் கிடைத்தது. பம்பாய் கொலாபாவில் உட்கார்ந்து படம் இறக்கினார்கள். ஒரே சங்கடம், இந்தக் கோள்கள் தாழப் பறப்பவை. தலைக்குமேல் வந்து போகும் சில நிமிஷத்தில் தெரிவதுதான் தெரியும். கோள் அடுத்த தடவை எட்டிப்பார்ப்பதற்குள் புயல் எத்தனையோ தூரம் போயிருக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் போன யாரும் திரும்பவில்லை. மேலே கோள் சுற்றாத காலமல்ல அது. வங்காள விரிகுடாவில் புயல் இருப்பது வானிலைத் துறைக்குத் தெரியாததும் அல்ல. தெரிந்தது ஓர் இடத்தில். ரயில் ஓடியது வேறோர் இடத்தில். 1977 நவம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு புயல். முதலாவது நாகப்பட்டினத்தை அடித்தது. ஒரு வாரத்தில் வந்த அடுத்தது ஆந்திராவின் திவிசீமையில் கடலை ஊருக்குள் ஏற்றியது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அப்போதும் மேலே கண் இருந்தது. கரையோரக் குடிசைவரை எட்டுகிற வாய்தான் இல்லை.

அத்தி வரதர் எழுந்தார், பாஸ்கரா எழவில்லை

நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. தும்பாவில் மாதா கோயிலில் உட்கார்ந்து ராக்கெட் பூட்டிய கதையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிய கதையும் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி ஓட்ட வேண்டாம். அவ்வளவு பரவாத கதை ஒன்று உண்டு. 1970-ல் பிஷாரடி என்ற வானிலை விஞ்ஞானி, செயற்கைக்கோள் இல்லாத குறைக்கு ஹெலிகாப்டரில் கேமராவை ஏற்றிக் கேரளத் தென்னந்தோப்புக்குமேல் பறந்தார். கேமராவில் அகச்சிவப்பு ஃபிலிம். வாடல் நோய் கண்ட தென்னை எது, நல்ல தென்னை எது என்று தரையில் நிற்பவனுக்குத் தெரிவதற்கு முன்பே படத்தில் நிறம் மாறிக் காட்டியது. இந்தியாவின் தொலையுணர்வு இயல் பிறந்தது தேங்காயில்.

அப்புறம் பாஸ்கரா-1 செயற்கைக்கோள். 1979 ஜூன் 7-ல் சோவியத் ராக்கெட்டில், சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது. உள்ளே இரண்டு டெலிவிஷன் கேமரா. கூடவே கடல்மேல் இருக்கும் ஈரப்பதத்தை அளக்கும் நுண்ணலைக் கருவி. மேலே போனதும் கேமராவை முடுக்கிப் பார்த்தார்கள். உயர் மின்னழுத்தப் பகுதியில் கோளாறு. கண் திறக்கவில்லை.

இங்கே காஞ்சிபுரத்தில் என்ன நடந்தது? அதே 1979 ஜூலையில், நாற்பது வருஷம் அனந்தசரஸ் குளத்தடியில் படுத்திருந்த பெருமாள், அத்தி வரதர், எழுந்து வெளியே வந்து தரிசனம் கொடுத்தார். நாற்பது வருஷம் தண்ணீருக்குள் இருந்தவர் சொன்ன தேதியில் வந்துவிட்டார். நேற்று மேலே போன பாஸ்கரா கண்ணை மூடிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கேமராக்களில் ஒன்று விழித்தது மறு வருஷம். நியாயமாகச் சொன்னால் அந்த நுண்ணலைக் கருவி முதலிலிருந்தே உழைத்தது. மேகத்தையும் ஊடுருவிக் கடலைப் படித்தது. ஆனால் ஊருக்குக் காட்டப் படம் இல்லாவிட்டால் உழைப்பை யார் மதிக்கிறார்கள்?

அந்த வருஷம் இந்துமாக்கடலின்மேல் நிலையாக நின்று பார்த்த கண் வேறு யாருடையது? அதுவும் அமெரிக்காவுடையது. உலக நாடுகள் சேர்ந்து பருவமழையை ஆராயத் திட்டம் போட்டிருந்தன. இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டிய சோவியத் கோள் தயாராகவில்லை. எனவே அமெரிக்காவின் பழைய கோஸ்-1 கோளை நகர்த்திக்கொண்டுவந்து நம் தலைக்குமேல் நிறுத்தினார்கள். வரவேண்டிய சோவியத் கோள் 1994-ல் வந்து சேர்ந்தது. பதினைந்து வருஷத் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்க அந்த நாடே அப்போது இல்லை.

இன்சாட் குடும்பத்து ஜாதகம்

கடன் வாங்கிய கண்ணால் எத்தனை நாள் பார்ப்பது? சொந்தமாக வாங்கலாம் என்று முடிவு செய்து, அமெரிக்கக் கம்பெனியிடம் காசு கொடுத்துச் செய்ததுதான் இன்சாட்-1 வரிசை. தொலைபேசி, டெலிவிஷன், வானிலைக் கேமரா மூன்றும் ஒரே பெட்டியில். குடும்பத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூத்தது இன்சாட்-1ஏ. 1982 ஏப்ரலில் போனது. ஆன்டெனா விரிய அடம்பிடித்தது. சூரியப் பாய் கடைசிவரை விரியவே இல்லை. ஏழு வருஷம் வாழ வேண்டிய கோள். பூமியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய உணரியின் பார்வையில் ஒருநாள் நிலா குறுக்கே வந்தது. கோள் குழம்பிப் போய் நிலை தடுமாறி, இருந்த எரிபொருளையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டது. செப்டம்பரில் கதை முடிந்தது. நிலவைப் பார்த்து மயங்கிக் கெட்டவர்கள் கவிஞர்கள் மட்டும் அல்லர்.

இரண்டாவது இன்சாட்-1பி. 1983 ஆகஸ்ட் 30. சேலஞ்சர் விண்ணோடம் இதைச் சுமந்துகொண்டு போனது. நம் கோளை உரிய இடத்தில் இறக்க வேண்டுமானால் ராத்திரியில்தான் கிளம்பியாக வேண்டும் என்று கணக்கு வந்தது. அமெரிக்க விண்ணோடம் முதன்முதலாக ராத்திரியில் கிளம்பியதே நமக்காகத்தான். ராகு காலம், எமகண்டம் பார்க்கிற நாட்டின் கோள், நாசாவையே நேரம் பார்க்க வைத்துவிட்டது. இறக்கிவிட்டதும் சூரியத் தகடு சிக்கிக்கொண்டது. எப்படியோ உலுக்கி, இழுத்து, செப்டம்பர் நடுவில் விரித்தார்கள். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒழுங்காகக் குப்பை கொட்டியது இந்தப் பிள்ளைதான். தூர்தர்ஷன் செய்தியில் இந்தியாவின்மேல் வெள்ளை வெள்ளையாக மேகம் நகர்வதை நம் வீடுகள் பார்த்துப் பழகியது இதன் புண்ணியத்தில்.

மூன்றாவது இன்சாட்-1சி. 1988. மேலே போனதும் பாதி மின்சாரம் போச்சு. அடுத்த வருஷம் மீதியும் போச்சு. கடைக்குட்டி இன்சாட்-1டி போவதற்கு முன்பே அடிபட்டது. 1989-ல் ஏவுதளத்திலேயே பாரந்தூக்கியின் கொக்கி மேலே விழுந்தது. செப்பனிட கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அக்டோபரில் நிலநடுக்கம். இத்தனைக்கும் பிறகு 1990 ஜூனில் ஏறி, மேலே போனபின் பல வருஷம் அமைதியாக வேலை பார்த்தது. தரையில்தான் அதற்குக் கண்டம் இருந்திருக்கிறது.

கண்ணுக்கு வாய் முளைத்தது

இந்தக் கோமாளித்தனத்துக்கு நடுவே, யாரும் கைதட்டாமல் ஒரு காரியம் நடந்தது. இன்சாட் வெறும் கேமரா அல்ல. பேசவும் தெரிந்த பெட்டி. 1980-களின் நடுவில், கரையோர ஊர்களில் ஒரு கருவியை வைத்தார்கள். வட தமிழ்நாட்டிலும் தென் ஆந்திராவிலும்தான் முதலில். புயல் வந்தால் வானிலை மையத்திலிருந்து செய்தி செயற்கைக்கோளுக்குப் போய், எந்தெந்த மாவட்டத்துக்கு ஆபத்தோ அந்தந்த மாவட்டக் கருவியில் மட்டும் இறங்கும். முதலில் சங்கு அலறும். அப்புறம் உள்ளூர் மொழியில் குரல். தொலைபேசிக் கம்பம் சாய்ந்தாலும், தந்திக் கம்பி அறுந்தாலும், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சாய்வதற்குக் கம்பம் கிடையாது.

1990 மே 9. பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் மசூலிப்பட்டினம் கரையில், 1977-க்குச் சளைக்காத புயல். இந்தத் தடவை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் ஒன்றும் சின்னக் கணக்கல்ல. ஆனால் பதின்மூன்று வருஷத்துக்கு முன் அது பத்தாயிரமாக இருந்தது.

படம் எடுப்பது 1960-லேயே வந்துவிட்டது. செத்தவர் எண்ணிக்கை குறைந்தது, எடுத்த படம் குப்பத்துக்குப் புரிகிற குரலாக மாறிய பிறகுதான். புயலிலிருந்து காப்பாற்றுவதில் பாதி வேலை வானத்தில். மீதிப் பாதி ஜீப்பில், சங்கில், பள்ளிக்கூடத் திண்ணையில், வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிற கிழவியின் கையைப் பிடித்து இழுக்கிற கிராம அதிகாரியிடத்தில். 1999-ல் ஒடிசாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்ததற்கும், 2013-ல் அதே ஒடிசாவில் ஃபைலின் புயல் வந்தபோது ஐம்பதுக்குள் முடிந்ததற்கும் நடுவே இருப்பது ராக்கெட் மட்டும் அல்ல.

ஐயம்பேட்டை ஒரு புள்ளி

2002-ல் வானிலைக்கென்றே தனிக் கோள் செய்து, நம் ராக்கெட்டில் நாமே ஏவினோம். மெட்சாட் என்று கிளம்பியது, மறுவருஷம் கல்பனா சாவ்லா இறந்தபின் கல்பனா-1 ஆனது. பிறகு 2013-ல் இன்சாட்-3டி, 2016-ல் 3டிஆர், 2024-ல் 3டிஎஸ். கடைசி இரண்டையும் தூக்கிப்போனது ஜிஎஸ்எல்வி ராக்கெட். அடிக்கடி சறுக்கியதால் அதற்கு இஸ்ரோவுக்குள்ளேயே சேட்டைக்காரப் பையன் என்று பெயர். 3டிஎஸ்-ஐ ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, பையன் திருந்திவிட்டான் என்று மேடையிலேயே அறிவித்தார்கள்.

சரி, இத்தனை கண் வந்த பிறகு நம் பாவு என்ன ஆச்சு? கணக்கைப் பாருங்கள். இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ராத்திரியிலும் மேகத்தின் சூட்டை அளக்கிற அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி நாலு கிலோமீட்டர். நீராவிப் படத்தில் எட்டு கிலோமீட்டர். ஐயம்பேட்டை, பக்கத்து முத்தியால்பேட்டை, நடுவிலிருக்கும் தறி, தெரு, கோயில், பிள்ளையார், தவளை எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தப் புள்ளியிலும் கோள் பார்ப்பது மழையை அல்ல, மேகத்தின் உச்சந்தலையை. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ மேகம் அவ்வளவு உயரம். உயரமான மேகம் பெய்யக்கூடும். ஆனால் உயரத்தில் மெல்லிய மேகம் ஒன்று உள்ளே சரக்கே இல்லாமல் குளிர்ந்துகொண்டு ஏமாற்றவும் செய்யும்.

இதையெல்லாம் விளக்க நேரமில்லாமல் மாட்டிக்கொண்டவர்தான் நம் ரமணன். சென்னை வானிலை மையத்து இயக்குநராக இருந்தபோது, 2015 மழையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவரைக் குலதெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். ரமணன் சொன்னால் லீவு. உண்மையில் ரமணன் ஒருநாளும் லீவு விட்டதில்லை, விட்டவர் கலெக்டர். புகழ் ஒருவருக்கு, அதிகாரம் ஒருவருக்கு. அந்த டிசம்பர் 1-ஆம் தேதி, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மிகக் கனமழை என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஏரிக்குமேல், எத்தனை மணிக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லக் கோளுக்கும் தெரியவில்லை, கணினிக்கும் தெரியவில்லை.

அந்தப் பயம் ஊருக்குள் இறங்கிவிட்டது. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். எச்சரித்த நாளில் மழை ஆந்திரப் பக்கம் நழுவியது. உடனே கிண்டல். அடுத்த மாதம் ஃபெஞ்சல் புயல். வருமா, வலுக்குமா என்று இழுத்தடித்து, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் உட்கார்ந்து, விழுப்புரம் பக்கத்தை மூழ்கடித்தது. கிண்டல் செய்தவர்கள் கொஞ்சநாள் வாயைத் திறக்கவில்லை.

ஆக, தெருவில் பாவு போடலாமா என்ற கேள்விக்குக் கோளின் பதில் இதுதான்: அண்ணே, உங்க தெரு எனக்குத் தெரியாது. ஆனா மூணு நாள் கழிச்சு உங்க மாவட்டமே வெளியே வரக்கூடாது.

காற்றுமானிகளின் அஞ்சலோட்டம்

மேகத்தைப் பார்ப்பதோடு கோளின் வேலை முடியவில்லை. கடலில்தான் புயலுக்குச் சாப்பாடு. அந்த அடுப்படியையும் எட்டிப்பார்த்தாக வேண்டும். 1999-ல் ஓஷன்சாட்-1 போனது. கடலின் நிறத்தைப் பார்த்து எங்கே பாசி செழித்திருக்கிறது, மீன் எங்கே மேயக்கூடும் என்று சொல்லலாம். ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையம் அதை மீனவருக்கு இடம் சொல்லி அனுப்புகிறது. மீனையே பார்த்துச் சொல்வதில்லை. சாப்பாட்டுப் பந்தலைக் காட்டுகிறது, பந்திக்கு மீன் வருவது மீனின் விருப்பம்.

இதில் ரொம்பச் சிரிப்பான வம்சம் காற்றுமானிகள். கடல்மேல் ரேடார் அலையை அடித்து, காற்று கிளப்பும் சிற்றலையில் அது சிதறுவதை வைத்துக் காற்றின் வேகமும் திசையும் கண்டுபிடிக்கும் கருவி. 1996-ல் ஜப்பானியக் கோளில் போன நாசா கருவி, கோளோடு சேர்ந்து பாதியில் செத்தது. அவசர அவசரமாக 1999-ல் குயிக்ஸ்காட்டை அனுப்பினார்கள். சில வருஷத்துக்கென்று அனுப்பியது பத்து வருஷம் சுழன்றது. 2009 நவம்பரில் அதன் ஆன்டெனா சுழல்வது நின்றது. அதற்கு இரண்டே மாதம் முன்னால்தான் நம் ஓஷன்சாட்-2 தன் காற்றுமானியோடு மேலே போயிருந்தது. பிறகு அமெரிக்கப் புயல்காரர்களே நம் கோளின் எண்ணைக் கேட்டு வாங்கினார்கள். 2012-ல் நியூயார்க் பக்கம் சாண்டி புயல் வந்தபோது கடல் காற்றை அளந்த கண்களில் நம்முடையதும் ஒன்று. 2014 பிப்ரவரியில் அதுவும் ஓய்ந்தது. நாசா தன் கிடங்கைத் துழாவி, குயிக்ஸ்காட்டுக்குச் செய்து மிச்சமிருந்த உதிரிபாகங்களைச் சேர்த்து ஒரு கருவி கட்டி, விண்வெளி நிலையத்தில் மாட்டியது. 2016-ல் அது படுத்தபோது, நாம் ஸ்காட்சாட்-1 அனுப்பினோம். 2022-ல் ஓஷன்சாட்-3.

கழுத்துச் சுளுக்கிக்கொண்ட குயிக்ஸ்காட் என்ன ஆனது தெரியுமா? ஒரே பக்கம் பார்த்தபடியே இன்னும் பல வருஷம் வேலை செய்தது. புதிதாக வந்த கோள்கள் சொல்லும் வேகம் சரிதானா என்று ஒத்துப்பார்க்கும் அளவுகோலாக அதை வைத்துக்கொண்டார்கள். காலநிலை ஆராய்ச்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இன்றைய மழைக்கு இன்றைய கோள் போதும். நாற்பது வருஷத்தில் கடல் எவ்வளவு சுட்டது, எவ்வளவு ஏறியது என்று சொல்ல வேண்டுமானால் பத்துப் பதினைந்து கோள்களின் கணக்கை அறுபடாமல் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு கோளுக்கும் ஒவ்வொரு கோணல். பழையதும் புதியதும் சில மாதமாவது ஒன்றாகப் பறந்து, ஒரே கடலைப் பார்த்தால்தான் கோணல் பிடிபடும். கடல் மட்டத்தை 1992-லிருந்து அளந்துவரும் டோபெக்ஸ், ஜேசன் வரிசையில் இதை விடாப்பிடியாகச் செய்தார்கள். அதனால்தான் உலகக் கடல் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்பதைச் சென்டிமீட்டரில் சொல்ல முடிகிறது. அதே மாதிரி 2012-ல் ஓர் ஐரோப்பியக் கோள் செத்து, அடுத்தது வரத் தாமதமானபோது, இடைவெளியில் நின்று கடல் மட்டம் அளந்தது இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013-ல் ஏவிய சரல்.

இது ஐயம்பேட்டைக்குச் சொல்லித்தர வேண்டிய சங்கதி அல்ல. தறியில் பழைய பாவு தீரும் முன்பே, அச்சிலும் விழுதிலும் நிற்கிற அதன் நுனிகளோடு புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் எடுத்து முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றுக்கு ஒன்று. பழைய நுனி கையில் இருக்கிறவரைதான் அது பிணைப்பு. தீரவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும்.

2019 ஜூலையில் அத்தி வரதர் மறுபடி எழுந்தார். ஒரு கோடிக்கும் மேல் கூட்டம். அதே ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. புழல் ஏரி போன வருஷம் எப்படி இருந்தது, இந்த வருஷம் எப்படி இருக்கிறது என்று இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகமே பார்த்தது. டைட்டானிக் லியோனார்டோ டிகாப்ரியோவே நம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பதிவு போட்டார். தண்ணீரில் விறைத்துச் செத்த நாயகனுக்குத் தண்ணீர் இல்லாத ஊர்மேல் இரக்கம் வந்தது வியப்பில்லை. ஆனால் 1979-ல் இதே ஏரி, இதே மேகம் எப்படி இருந்தன என்று அதே துல்லியத்தில் கேட்டால், இழை கொஞ்சம் சிக்கலாகத்தான் கிடைக்கிறது. பாஸ்கரா தூங்கிய வருஷமல்லவா அது.

அத்தி வரதர் அடுத்து வரப்போவது 2059-ல். அதற்குள் இன்று மேலே இருக்கும் கோள் எல்லாம் ஓய்ந்துவிடும். அவற்றின் இடத்துக்கு வந்தவையும் ஓய்ந்து, அவற்றுக்கும் அடுத்தவை சுற்றிக்கொண்டிருக்கும். நடுவே ஏதாவது ஒரு வருஷம் ஏதாவது ஓர் அலுவலகத்தில், பழைய கோள் நன்றாகத்தானே ஓடுகிறது, அது நின்ற பிறகு புதிதுக்குப் பணம் ஒதுக்கினால் போதாதா என்று ஒரு புத்திசாலி கட்டாயம் கேட்பார். அவரை ஐயம்பேட்டைக்குக் கூட்டிவந்து, பாவு முழுக்கத் தீர்ந்து நுனியும் கழன்றுபோன ஒரு தறியின் முன்னால் உட்காரவைத்து, கையில் புதுப் பாவைக் கொடுத்து, பிணையுங்கள் சார் என்று சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் பிணைத்துவிட்டாரானால், தாராளமாகக் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.